நாடகவியல் மாணவரும் ஆய்வேடும்

பெஹாலாவிலும் அதனைச் சூழ்ந்த தென்மேற்குக் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகள் எதைப் படிப்பது என்னும் கேள்விக்கு நெடுங்காலமாக இரண்டு மூன்று விடைகளே இருந்து வந்தன. பொறியியல் படிக்கலாம், கணக்கியல் படிக்கலாம், இரண்டும் வாய்க்காவிடில் வங்கித் தேர்வு எழுதலாம். இப்போது அங்கொருவரும் இங்கொருவருமாக நாடகவியல் படிக்கத் துணிகின்றனர். கூத்தாடுவதற்கும் ஒரு பட்டமா என்று வீட்டிலுள்ளோர் திகைக்கின்றனர். அந்தத் திகைப்பு அடங்குவதற்குள் மகளோ மகனோ மற்றொரு செய்தியைக் கொண்டுவருகிறார். இறுதியாண்டில் தானே ஒரு பொருளைத் தேர்ந்து, தானே ஆராய்ந்து, ஓர் ஆய்வேடு எழுத வேண்டுமாம். அவ்வேடு யாது, அதனைச் செய்யும் முறை யாது, பிற மாநிலங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதில் உள்ள தனி வாய்ப்பு யாது என்பவற்றை நேயர்களுக்கு இங்கே விளக்க முற்படுகிறோம்.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகத்தின்படி, இளநிலைப் படிப்பை நான்கு ஆண்டுகளும் தொடர்வோர், முதல் ஆறு பருவங்களில் நூற்றுக்கு 75 மதிப்பெண்ணுக்குக் குறையாமல் பெற்றிருந்தால், நான்காம் ஆண்டில் ஆராய்ச்சிப் பிரிவை மேற்கொள்ளலாம். பட்டத்திற்குரிய 160 கிரெடிட்டுகளில் 12 ஆய்வேட்டிற்கு உரியவை. ஆய்வை விரும்பாதவர் அந்தப் பன்னிரண்டுக்கு ஈடாகப் பாடங்களைப் படித்துத் தேர்வு எழுதலாம். மேற்கு வங்காளம் இந்நான்காண்டுத் திட்டத்தை 2023-24 கல்வியாண்டில் மேற்கொண்டது. அவ்வாண்டு சேர்ந்தவர்களுக்கு நான்காம் ஆண்டு 2026இல் தொடங்குவது. பெற்றோரின் செவிக்கு இனிய செய்தியும் ஒன்று உண்டு. நான்காண்டுப் படிப்பை 75 விழுக்காட்டுடன் முடித்தவர், முதுநிலைப் பட்டம் இல்லாமலே முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2022ஆம் ஆண்டு விதிகள் இடமளித்தன. ஆகவே, இவ்வேடு ஏதோ ஒப்புக்கு எழுதிக் கொடுக்கும் கட்டுரை என்று எண்ணிவிடக்கூடாது.

கொல்கத்தாவில் நாடகத்தைத் தனித்துறையாகப் பயில்வோர் நாடும் இடங்களுள் முதன்மையானது, 1962இல் தொடங்கிய ரவீந்திர பாரதி பல்கலைக்கழகம். தாகூர் குடும்பத்தினரின் ஜோராசாங்கோ மாளிகையும், பாரக்பூர் டிரங்க் சாலையிலுள்ள மரகத குஞ்சம் என்னும் பழைய தோட்ட மாளிகையும் அதன் இருப்பிடங்கள். பெஹாலாவிலிருந்து அங்கே போவதென்றால் நகரத்தைத் தெற்கிலிருந்து வடக்காக முழுவதும் கடந்தாக வேண்டும். நாடகத்தைத் தனித்துறையாகக் கொள்ளாமல் ஆங்கிலமோ வங்காளியோ படிக்கும் மாணவரும் நாடகத்தைப் பற்றி ஆய்வேடு எழுதத் தடையில்லை. நாம் சொல்லப்போவன இருசாராருக்கும் பொருந்தும்.

தாமே செய்யும் ஆய்வு என்பதன் பொருளைச் சற்றுத் தெளிவாக உணர வேண்டும். வகுப்பில் ஆசிரியர் ஒரு நாடகத்தைத் தருகிறார். மாணவர் அதைப் படித்து விளக்குகிறார். ஆய்வேட்டிலோ, கேள்வியும் மாணவருடையதே. நெறியாளர் ஒருவர் இருப்பார். அவர் வழியில் உள்ள குழியைச் சுட்டிக்காட்டுவார், தூக்கிக்கொண்டு நடக்கமாட்டார். மாதம் ஒருமுறையோ இருமுறையோ அவரைக் காணும்போது, எழுதிய பக்கம் ஏதேனும் கையில் இல்லாமல் போவது வீண். “என்ன செய்யலாம்?” என்று கேட்கும் மாணவருக்கு நெறியாளரால் அதிகம் உதவ இயலாது. “இந்த இரண்டு பேர் முரண்படச் சொல்கிறார்கள், எதைக் கொள்வது?” என்று கேட்பவருக்கு ஒரு மணி நேரம் பேச அவரிடம் செய்தி இருக்கும்.

இனி, நாடக ஆய்வுக்கே உரிய இடர்ப்பாட்டைக் காண்போம். கவிதையை ஆராய்பவர் முன் கவிதை இருக்கிறது; கோயில் சிற்பத்தை ஆராய்பவர் முன் சிற்பம் நிற்கிறது. நாடகத்தை ஆராய்பவர் முன்போ, அவர் ஆராயப் புகுந்த பொருளே இல்லை. அது திரை விழுந்த அன்றிரவே போய்விட்டது. எஞ்சியிருப்பவை துண்டு நோட்டீசு, நுழைவுச் சீட்டு, மங்கிய நிழற்படம், பிராம்ப்டர் கையில் வைத்திருந்த பிரதி, செய்தித்தாளில் பத்து வரி, பார்த்தவர்களின் நினைவு ஆகியவையே. அச்சிட்ட நாடக நூல் மட்டும் போதாதோ என்று சிலர் கேட்கலாம். அந்நூல் சமையல் குறிப்பைப் போன்றது. பந்தியில் பரிமாறியது என்ன என்பதை அது சொல்லாது. ஆதலால் நாடக மாணவரின் பெரும்பொழுது கருத்துரைப்பதில் கழிவதில்லை. சான்று தேடுவதிலேயே கழிகிறது.

பொருளைத் தேர்வதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகின்றனர். ‘இந்திய நாடகத்தில் பெண்’, ‘வங்க நாடகமும் அரசியலும்’ என்றெல்லாம் தலைப்புகள் எழும். இவை பத்து அறிஞர் பத்து ஆண்டு செய்ய வேண்டிய வேலைகள். வங்காளத்து அரசியல் நாடகத்தைப் பற்றி ருஸ்தம் பருச்சா எழுதிய பெருநூல் 1983இலேயே வெளிவந்துவிட்டது. அதைப் படிக்காமல் அப்பொருளைத் தொடக்கூடாது. படித்தபின் அதையே திரும்பச் சொல்லவும் கூடாது. இரண்டு பருவங்களில் ஒருவர் தனித்து முடிக்கக்கூடிய பொருள் மிகச் சிறியதாக இருத்தல் வேண்டும். ஒரு குழு, ஒரு நாடகம், ஓர் அரங்கம், ஓர் ஆண்டு என்று சுருக்கச் சுருக்கவே அதன் ஆழம் புலப்படும். பெஹாலாவிலேயே சரத் சதன் என்னும் அரங்கம் இருக்கிறது. ஓராண்டில் அங்கே யார் யார் என்னென்ன போட்டார்கள், எந்த நாளில் இருக்கைகள் நிரம்பின, எந்த நாளில் நிரம்பவில்லை என்று ஒரு மாணவர் வாரந்தோறும் சென்று குறித்துவந்தால் அதுவே ஓர் ஆய்வேட்டின் முதுகெலும்பு ஆகிவிடும். நகரத்தின் நடுவிலுள்ள அரங்குகளைப் பற்றிப் பலர் எழுதியிருக்கின்றனர். புறநகர் அரங்குகளை எழுதுவோர் சிலரே.

ஆயினும் நம் பிள்ளைகளுக்கு இதனினும் பொருத்தமான பொருள் ஒன்று உண்டு என்பது நம் கருத்து. அதனைச் சற்று விரிவாகவே எடுத்துரைப்போம்.

பாதல் சர்க்கார் (1925-2011) என்னும் பெயரைக் கொல்கத்தாவில் அறியாதார் இல்லை. கட்டடப் பொறியியல் கற்று, நகரத் திட்டமிடும் பணியில் ஈடுபட்டிருந்தவர் அவர். 1963இல் அவர் எழுதிய ‘ஏவம் இந்திரஜித்’ நாடகம் இந்தியாவெங்கும் அவர் பெயரைப் பரப்பியது. 1967இல் சதாப்தி என்னும் குழுவை அமைத்தார். புகழ் கைவந்த வேளையில், 1970களின் தொடக்கத்தில், மேடையையே விட்டு இறங்கிவிட்டார். கிராமத்துக் கூத்து முதலாவது அரங்கம், நகரத்து மேடை நாடகம் இரண்டாவது அரங்கம். இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்ட மூன்றாவது அரங்கம் ஒன்று வேண்டும் என்பது அவர் கொள்கை. திரையில்லை, உயர்ந்த மேடையில்லை, வண்ண விளக்கில்லை. நடிகரும் காண்போரும் ஒரே தரையில் இருப்பர். ‘மிசில்’, ‘போமா’ முதலிய நாடகங்கள் இவ்வாறு வெற்றுத் தரையில் ஆடப்பட்டவை. சதாப்தியினர் கர்சன் பூங்காவின் திறந்த வெளியிலும் ஆடினர். காசு கொடுத்தவர்க்கே நாடகம் என்னும் முறையையும் அவர் ஏற்கவில்லை. ஆட்டம் முடிந்தபின் பார்த்தோர் விரும்பியதை ஈயலாம். நடிகனின் உடலும் குரலும் பார்ப்பவன் நெருக்கமுமே அவருக்கு மூலதனம்.

இப்பெரியார் 1980ஆம் ஆண்டில் சென்னைக்கு அருகிலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்திற்கு வந்து, தமிழ் நாடகக்காரர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தினார். தமிழ்நாட்டு நவீன நாடகத்தைப் பற்றி எழுதுவோர் பலரும் இதனை ஒரு திருப்பம் என்று ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். அந்த ஒரு வரியில்தான் ஆய்வேடு ஒளிந்திருக்கிறது. பட்டறைக்கு முன் ஒரு தமிழ்க் குழு எவ்வாறு ஒத்திகை பார்த்தது, பின்னர் எவ்வாறு பார்த்தது? நடிகர்கள் வட்டமாக நின்றதும், பொருள்கள் இல்லாமல் உடலாலேயே மரமும் பேருந்தும் ஆனதும் அங்கிருந்து வந்தவையா, அல்லது வேறிடத்திலிருந்தா? இதுவே கேள்வி.

வேறிடம் என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. அக்காலத்தில் தமிழ் நாடகத்திற்குள் பல நீரோட்டங்கள் ஒருங்கே பாய்ந்துகொண்டிருந்தன. ந. முத்துசாமி அவர்கள் 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கியிருந்தார். அவரை ஈர்த்தது புரிசைக் கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்து. ஞாநி அவர்கள் 1978இல் பரீக்ஷா குழுவைத் தொடங்கியிருந்தார். பாதல் சர்க்காரின் நாடகங்களும் அக்குழு மேடையேற்றியவற்றுள் அடங்கும். டில்லித் தேசிய நாடகப் பள்ளியில் பயின்று திரும்பிய செ. இராமானுஜம் அவர்கள் மற்றொரு முறையைக் கொண்டுவந்தார். ஆகவே எல்லாவற்றையும் பாதல் சர்க்காரின் கணக்கில் எழுதுவது பிழையாகும். தெருக்கூத்திலும் நடிகன் தரையில்தான் ஆடுகிறான். காண்போர் சுற்றி அமர்கின்றனர். எது கூத்திலிருந்து வந்தது, எது கொல்கத்தாவிலிருந்து வந்தது என்று பிரித்தறிவதே மாணவரின் உழைப்பு. பிரித்தறிய இயலவில்லை என்பதும் ஒரு முடிவே. அதற்கான காரணங்களைக் காட்டினால் போதும். ‘தமிழில் முதல்’ என்ற சொல்லை மட்டும் அவர் தொடாதிருப்பது நன்று. முதல் என்று எழுதிய மறு வாரமே அதற்கு முந்தியது ஒன்று அகப்படும்.

இப்பொருளை நாம் பரிந்துரைப்பதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது மொழி. சதாப்தியைப் பற்றிய சான்றுகள் வங்காளியில் உள்ளன. பட்டறையின் பயனைப் பற்றியவை தமிழில் உள்ளன. சென்னை மாணவருக்கு வங்காளி தெரியாது. கொல்கத்தா மாணவருக்குத் தமிழ் தெரியாது. பெஹாலாவில் வளர்ந்த தமிழ்ப் பெண்ணுக்கு இரண்டும் தெரியும். வீட்டில் ஒரு மொழி, கடைவீதியில் ஒரு மொழி என்று இருப்பதை இதுவரை ஒரு சங்கடமாகவே கருதியிருந்தோம். இங்கே அது பெருஞ்செல்வம். ஆனால் ஒன்று: பேசத் தெரிந்தால் போதாது, எழுத்துக் கூட்டியேனும் இரண்டையும் படிக்க வேண்டும். வீட்டில் தமிழ் பேசுவதோடு நிறுத்திவிட்ட பிள்ளைகள் பலர். ஆய்வேட்டின் பொருட்டாவது மூன்று மாதம் முயன்று தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டால், அதன்பின் தாத்தாவின் கடிதங்களையும் அவர்களால் படிக்க முடியும்.

இரண்டாவது காரணம் காலம். பாதல் சர்க்கார் 2011இல் மறைந்தார். இராமானுஜம் அவர்கள் 2016இல் மறைந்தார். 2018ஆம் ஆண்டு ஜனவரியில் ஞாநி அவர்களும், அவ்வாண்டு அக்டோபரில் முத்துசாமி அவர்களும் மறைந்தனர். 1980இல் இருபத்தைந்து வயது இளைஞராக அந்தப் பட்டறையின் தரையில் உருண்டவருக்கு இப்போது எழுபது வயது கடந்திருக்கும். எழுதப்படாத சான்று அவர்களிடம்தான் இருக்கிறது. அடுத்த வகுப்பு மாணவர் செய்யட்டும் என்று இதை ஒத்திப்போட இயலாது.

வங்க நாடகத்திற்கும் சென்னைக்கும் உள்ள உறவு இவ்வளவு அண்மையதும் அன்று. 1795ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவின் டோம்தலாவில், வங்காள நடிகர்களையும் நடிகைகளையும் கொண்டு, முதன்முதல் வங்காளி மொழி நாடகத்தை மேடையேற்றியவர் கெராசிம் லெபெதெவ் என்னும் ருசியர். இசைவாணரான அவர் கல்கத்தாவுக்கு வருமுன், 1785 முதல் இரண்டு ஆண்டுகள் சென்னையில் தங்கி, அங்குப் பேசப்பட்ட தமிழைச் சிறிது கற்றார். இதை அறிந்து நாம் வியந்ததுண்டு. ஆனால் இஃது ஆய்வேட்டின் முன்னுரையில் ஒரு வரிக்கு மேல் இடம்பெறத் தக்கதன்று. சுவையான செய்திகளெல்லாம் ஏட்டுக்குள் நுழைய இடங்கேட்கும். கேள்விக்கு விடை சொல்லாதவற்றை வாயிலிலேயே நிறுத்த வேண்டும்.

சான்றுகள் எங்கே கிடைக்கும்? பெஹாலாவில் இருப்பவர் நற்பேறு உடையவர். டைமண்ட் ஹார்பர் சாலை வழியே வடக்கே சென்று மாஜேர்ஹாட்டைக் கடந்தால் அலிப்பூர். அங்கே பெல்வெடியர் வளாகத்தில் தேசிய நூலகம். 1953இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இந்நூலகத்திற்கு, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் நூல் ஒவ்வொன்றிலும் ஒரு படி சேர வேண்டும். தமிழ்ப் பிரிவும் அங்கு உண்டு. பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை அவர்களின் சொந்த நூல் தொகுதி அங்கேதான் பேணப்படுகிறது. தமிழ்ப் பேரகராதியைப் பதிப்பித்த பெருமகனாரின் நூல்கள் நம் வீட்டிலிருந்து ஒரு பேருந்துத் தொலைவில் இருப்பதைப் பெஹாலாத் தமிழர் பலர் அறியார். பழைய தமிழ் நாடக நூல்களுக்குச் சென்னை சென்றாக வேண்டும் என்று முடிவு கட்டுமுன், அங்கே ஒரு வாரம் செலவிடல் தகும்.

நாடகத்திற்கென்றே அமைந்த ஆவணக்காப்பகம் ஒன்றும் இந்நகரில் உண்டு. பிரதிபா அகர்வால் அவர்கள் 1981இல் நிறுவிய நாட்டிய சோத் சன்ஸ்தான் அது. எந்த மொழி நாடகமாயினும் அது பற்றிய நிழற்படம், நோட்டீசு, ஒலிப்பதிவு, கைப்பிரதி ஆகியவற்றைத் திரட்டுவதே அதன் நோக்கம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய நாடக நோட்டீசுகளுக்குப் பெயர்பெற்றது. சிற்றிதழ்களையும் மறத்தலாகாது. டில்லியில் 1965இல் தோன்றிய ‘கணையாழி’யின் பழைய தொகுதிகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். வெளிமாநிலத் தமிழர் தொடங்கிய இதழ் அது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

எதிர்பாராத இடத்திலும் சான்று கிடைக்கும். 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டம் கல்கத்தா மேடையை அடக்கவே பிறந்தது. தமிழ்நாட்டில் 1954ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நாடகச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர் மேலே சொன்ன ஞாநி அவர்களே. 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முதன்மைப் பகுதிகளைச் செல்லாதவை என்றது. இத்தகைய சட்டங்கள் நாடகக்காரருக்குத் தொல்லை. ஆய்வாளருக்கோ வேறு வகையில் பயன்பட்டன. அனுமதிக்காக அதிகாரிகளிடம் ஒப்படைத்த பிரதிகள் கோப்புகளில் தங்கிவிட்டன. ஆடியவர் தொலைத்ததை அடக்க வந்தவர் காத்துவைத்த விந்தையை நாடக வரலாற்றில் பல இடங்களில் காணலாம்.

சென்னைப் பயணத்தைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. ஷாலிமாரிலிருந்து கோரமண்டல் விரைவு வண்டியில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். மாணவரின் கைப்பணத்தில் ஒருமுறைதான் போக இயலும். ஆகவே, கொல்கத்தாவில் பார்க்கக்கூடியதையெல்லாம் பார்த்து முடித்து, காணவேண்டியவர்களுக்கு முன்னரே எழுதி, கேட்கவேண்டியவற்றைத் தாளில் வரிசைப்படுத்திக்கொண்டு புறப்பட வேண்டும். துர்க்கா பூஜைக் காலத்தில் கொல்கத்தா அலுவலகங்கள் அடைந்து கிடக்கும்; அந்நாட்களைச் சென்னைக்கு ஒதுக்குவது கணக்குத் தெரிந்தவர் செயல்.

சென்னை செல்ல வழியில்லாதவர் மனம் தளர வேண்டியதில்லை. லேக் மார்க்கெட் சுற்றுப்புறத்தில் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அவர்களுடைய சங்கங்களும் சபாக்களும் ஆண்டு விழாக்களில் நாடகம் போட்டு வந்தன. அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் மாலையில் கட்டபொம்மன் ஆனார். பெண் வேடத்தை யார் ஏற்றார்? நகைச்சுவை நாடகம் பெருகி வரலாற்று நாடகம் அருகியது எந்த ஆண்டில்? வங்காளி அண்டை வீட்டார் பார்க்க வந்தனரா? வாடகைக்கு எடுத்த உடையும் ஒப்பனையும் கொல்கத்தா ஜாத்ராக் கடைகளிலிருந்து வந்தனவா? இவற்றுக்கெல்லாம் விடை அச்சில் இல்லை. விழா மலர்களிலும், கட்டிலுக்கடியில் உள்ள டிரங்குப் பெட்டிகளிலும், எண்பது வயதுப் பாட்டிமார் நினைவிலும் இருக்கிறது. வீடு மாற்றும்போது முதலில் குப்பைக்குப் போவது இந்த மலர்களே. தில்லி, பம்பாய், ஜாம்ஷெட்பூர் என்று தமிழர் குடியேறிய ஊர்களிலெல்லாம் இதே நிலைதான். அங்குள்ள மாணவரும் இப்பொருளை எடுத்துக்கொள்ளலாம்.

நினைவைச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். 1891இல் சுகுண விலாச சபையைக் கண்ட பம்மல் சம்பந்த முதலியார் அவர்கள் ‘நாடக மேடை நினைவுகள்’ என்ற பெயரில் தம் அனுபவங்களை எழுதிவைத்தார். அவ்வை டி. கே. சண்முகம் அவர்கள் ‘எனது நாடக வாழ்க்கை’யை எழுதினார். இவ்விரு நூல்களும் இல்லாவிடில் தமிழ் நாடக வரலாறு பாதி இருண்டிருக்கும். ஆயினும் அவை அவரவர் நின்ற இடத்திலிருந்து கண்ட காட்சிகளே. விளக்கேற்றியவனும் திரை இழுத்தவனும் எழுதியிருந்தால் வேறு நூல் ஆகியிருக்கும். ஆகவே நேர்காணலுக்குச் செல்லும் மாணவர், நாயகனாக நடித்தவரை மட்டும் காணாமல், தேநீர் வாங்கி வந்தவரையும் தேடிச் செல்வது நலம்.

கேட்கும் முறையும் ஒரு கலை. “அந்தப் பட்டறை உங்களை எவ்வாறு பாதித்தது?” என்று கேட்டால், “மிகவும் பாதித்தது” என்னும் விடையே கிடைக்கும். காலை எத்தனை மணிக்கு எழுப்பினார்கள், தரை மணலா சிமெண்டா, என்ன மொழியில் பேசினார், புரியாதபோது யார் எடுத்துச் சொன்னார், முதல் நாள் செய்த பயிற்சியைக் கையால் காட்ட முடியுமா என்று கேட்டால் மூடிய கதவு திறக்கும். பொருளைப் பிடித்துக்கொண்டு நினைவு எழுந்து வரும். பழைய நிழற்படம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பது இன்னும் மேல். ஒலிப்பதிவு செய்யுமுன் இசைவு பெற வேண்டும். எழுத்தில் பெறுவது முறை. இதை வெளியிட வேண்டாம் என்று அவர் சொன்ன பகுதி எவ்வளவு சுவையாயினும் ஏட்டில் ஏறலாகாது. இருவர் முரண்பட்டால் இரண்டையும் எழுதி, எது ஏற்புடையதாகத் தோன்றுகிறது, ஏன் என்று காட்ட வேண்டும். வங்க நாடக உலகில் மூத்தவர்களைப் பெயரோடு ‘தா’ சேர்த்து அண்ணன் என்றே அழைப்பர். நாமும் ‘ஐயா’, ‘அம்மா’ என்போம். அந்த அன்பு நல்லதே. ஆனால் எழுத உட்காரும்போது அண்ணனும் ஒரு சாட்சிதான்.

எழுதும் வேலையில் ஒரே ஒரு செய்தியை வற்புறுத்த விரும்புகிறோம். நாடகக் கதையைச் சொல்லிப் பக்கம் நிரப்புவது மாணவரிடையே பரவிய நோய். ‘நடிப்பு உருக்கமாக இருந்தது’ என்பதும் அதன் உடன்பிறப்பு. அவ்வாக்கியத்திலிருந்து படிப்பவர் எதையும் காண முடியாது. ஏழு பேர் வட்டமாக நின்றனர், ஒருவர் வீழ்ந்தார், மற்றவர் அவரைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தனர், முதல் வரிசையில் இருந்தவர் காலை மடக்கிக்கொண்டார் என்று எழுதினால் அரங்கமே கண்முன் வருகிறது. அதன்பிறகே விளக்கம் கூற உரிமை பிறக்கிறது. வங்காளி மேற்கோளை மூலத்திலும் தந்து, தாம் செய்த மொழிபெயர்ப்பு என்று அடிக்குறிப்பில் சொல்லிவிட வேண்டும். இந்நாளில் கணினியிடம் கேட்டால் ஆய்வேடு போன்ற தோற்றமுடைய பக்கங்களை அது நொடியில் எழுதித் தருகிறது. அதற்கு அந்தத் தரை மணலா சிமெண்டா என்று தெரியாது; தெரியாததை மறைத்துச் சரளமாகப் பேசும். வாய்மொழித் தேர்வில் முதல் வினாவிலேயே குட்டு வெளிப்படும்.

இத்தனை உழைப்பினால் என்ன ஊதியம் என்று கேட்கும் பெற்றோருக்கு நேர்மையான விடை தர வேண்டும். நாடகவியல் பட்டம் வேலையைக் கையில் கொடுப்பதில்லை. ஆசிரியப் பணி, ஆவணக்காப்பகம், பதிப்பகம், ஒலி ஒளிபரப்பு, விழா அமைப்பு ஆகியவற்றில் சிலருக்கு இடமுண்டு. பலருக்குக் காத்திருப்பே உண்டு. ஆனால் ஓராண்டுக் காலம் தானே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, முன்பின் அறியாத முதியவர் வீட்டுக் கதவைத் தட்டி, இரண்டு மொழிச் சான்றுகளை ஒப்பிட்டு, அறுபது எழுபது பக்கம் ஒழுங்காக எழுதி, குறுக்கு வினாக்களுக்கு விடை சொன்ன இருபத்தொரு வயதுப் பிள்ளை, அதற்குமுன் இருந்த பிள்ளையாக இருப்பதில்லை. அதை எந்த அலுவலகமும் கண்டுகொள்ளும் என்று நாம் உறுதி கூறமாட்டோம்; வீட்டிலுள்ளோர் கண்டுகொள்வர்.

ஏட்டைக் கட்டடம் செய்து துறையில் கொடுத்தபின் ஒரு வேலை எஞ்சுகிறது. பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. நேர்காணல் ஒலிப்பதிவுகள் கைப்பேசியில் கிடக்கும். கைப்பேசி பழுதானால் அவையும் போம். பேசியவரின் இசைவோடு அவற்றை இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை நாட்டிய சோத் சன்ஸ்தானம் போன்ற காப்பகத்திடமும், மற்றொன்றைச் சென்னை நூலகம் ஒன்றிடமும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்க வேண்டும். பதிவின் மேல் பேசியவர் பெயர், நாள், இடம், எந்த நாடகம் என்பவற்றைத் தமிழிலும் வங்காளியிலும் எழுதி ஒட்டுதல் வேண்டும். பேசியவரின் குடும்பத்திற்கும் ஒரு படி அனுப்பிவைக்க வேண்டும். அவர்கள் அதை எதிர்பார்த்திருப்பர்.